கடலூரில் சின்னக் கடைக்கு இணையம் வழியாக அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகை, தையல், மீன், முந்திரி, ஏசி மெக்கானிக், சமையல் கான்ட்ராக்ட், மணப்பெண் அலங்காரம் என்று ஒருவரோ இருவரோ நடத்தும் தொழில்களுக்கான பக்கம் இது. இப்படிப்பட்ட கடைக்கு லட்சம் பேர் பார்க்கும் வீடியோ தேவையில்லை. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆள் தேடும்போது கண்ணில் பட வேண்டும், போன் அடித்தால் எடுக்க வேண்டும், வழி கேட்காமல் கடைக்கு வந்து சேர வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே சொல்லப்பட்டவை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், பிளாக், வாட்ஸ்அப்... எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா? எதை முதலில் தொடங்குவது?

எல்லாம் வேண்டாம். முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதியுங்கள். அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். இந்த இரண்டும் சரியாக ஓடிய பிறகு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டில் ஒன்று. கடைசியாக பிளாக்.

காரணம் எளிது. கூகுளில் தேடுபவருக்கு அந்த நிமிடமே பொருள் வேண்டும். இன்ஸ்டாகிராமில் இருப்பவர் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறார். முதல் ஆளைத் தவறவிட்டுவிட்டு இரண்டாவது ஆளைப் பிடிக்க ரீல்ஸ் போடுவதுதான் பெரும்பாலான கடைகளில் நடக்கிறது. அழகான ரீல்ஸ் முப்பது இருக்கும், மேப்பில் போட்ட போன் நம்பரோ பழைய நம்பராக இருக்கும்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது எப்படி? வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறதே, அது ஏன்?

கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சேருங்கள். பையனின் கணக்கிலோ போர்டு எழுதிக் கொடுத்தவரின் கணக்கிலோ தொடங்காதீர்கள். பெயர், தொழில் வகை, முகவரி, போன், திறந்திருக்கும் நேரம் கொடுத்த பிறகு கடை உண்மையானதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். இப்போது பெரும்பாலும் வீடியோ வழியாகத்தான் கேட்கிறது.

அந்த வீடியோவை நிறுத்தாமல், வெட்டாமல், குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதலாவது இடம்: தெருப் பெயர்ப் பலகை, பக்கத்துக் கடை, எதிரே இருக்கும் கோயிலோ பஸ் நிறுத்தமோ. இரண்டாவது தொழில்: உங்கள் போர்டு, சரக்கு, தையல் மெஷின், தராசு. மூன்றாவது, கடை உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு அடையாளம்: சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, கல்லாவைத் திறப்பது, உள் அறைக்குள் போவது. அடைத்த ஷட்டருக்கு வெளியே நின்று தொடங்கி, அப்படியே திறந்துகொண்டு உள்ளே போனால் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

வீடியோ நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணம், போர்டில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருப்பது. போர்டில் உள்ளதை மட்டும் பெயராகக் கொடுங்கள். 'கடலூரின் நம்பர் 1', 'குறைந்த விலை' என்று பெயரோடு ஒட்டினால் அது விதிமீறல், பதிவையே முடக்கிவிடுவார்கள். அதைச் சொல்ல 750 எழுத்து வரை விளக்கம் எழுதும் இடம் தனியாக இருக்கிறது.

முதன்மை வகை ஒன்றுதான் கொடுக்கலாம். கூடுதலாக 9 வகைகள் சேர்க்கலாம். முதன்மை வகையைப் பொதுவாகப் போடாமல் குறிப்பாகப் போடுங்கள். 'கடை' என்பதைவிட 'மீன் கடை', 'துணிக்கடை' என்பதைவிட 'பெண்கள் தையற்கடை' தேடலில் முன்னால் வரும்.

நான் பதியவே இல்லை, ஆனால் என் கடை ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதே?

வாடிக்கையாளர் யாராவது சேர்த்திருப்பார். இரண்டாவதாக ஒன்றைப் புதிதாகத் தொடங்காதீர்கள். மதிப்புரைகள் இரண்டு இடத்தில் சிதறும், வழி கேட்பவரும் குழம்புவார். இருக்கும் பதிவைத் திறந்து, 'இந்த வணிகத்தின் உரிமையாளரா?' என்று கேட்கும் இடத்தைத் தொட்டு உரிமை கோருங்கள். வேறொருவர் கையில் இருந்தால் அவருக்குக் கோரிக்கை போகும். சில நாளில் பதில் வராவிட்டால், பெரும்பாலும் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி கிடைக்கும்.

ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது? ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்களே.

கடலூருக்கே உரிய தலைவலி இது. திருப்பாதிரிப்புலியூர் என்பது போர்டில் இருக்கும், வாயில் திருப்பாப்புலியூர் என்று வரும், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்வார்கள். முதுநகரை ஓ.டி. என்பார்கள், ஓல்டு டவுன் என்பார்கள். வெளியூரிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்று என்பதே தெரியாது.

முகவரிக் கட்டத்தில் அஞ்சல் பெயரும் பின்கோடும் சரியாக இருக்கட்டும்: மஞ்சக்குப்பம் பக்கம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. மற்ற வழக்குப் பெயர்களை விளக்கத்தில் இயல்பான வாக்கியமாகச் சேருங்கள். 'திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரம், லாரன்ஸ் ரோடு பக்கம்' என்று எழுதினால் தேடுபவருக்கும் புரியும், இயந்திரத்துக்கும் புரியும். ஆங்கில எழுத்தில் ஒரு தடவை ஊர்ப் பெயர் வரட்டும். எல்லா எழுத்து வடிவத்தையும் காற்புள்ளி போட்டு அடுக்கி வைப்பது வேண்டாம். படிப்பவருக்கு அது ஏமாற்று வேலை மாதிரித் தெரியும்.

மேப்பில் குத்தும் புள்ளியையும் கையால் நகர்த்திச் சரிபாருங்கள். முகவரியைத் தட்டினால் புள்ளி தெரு முனையில் போய் நிற்பது சகஜம். அண்ணா பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மாறிப்போனால், கெடில ஆற்றைச் சுற்றிக்கொண்டு வந்த கோபத்தோடுதான் வாடிக்கையாளர் கடைக்குள் நுழைவார்.

வீட்டில் வைத்துத்தான் தொழில். முகவரி வெளியே தெரிய வேண்டாம். பதியலாமா?

தாராளமாக. முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி உண்டு. 20 பகுதிகள் வரை குறிக்கலாம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தேவனாம்பட்டினம், முதுநகர், நெல்லிக்குப்பம் என்று உண்மையில் போய்வரக்கூடிய இடங்களை மட்டும் போடுங்கள். விழுப்புரம் வரை இழுத்துவிட்டால் வராத ஊரிலிருந்து அழைப்பு வரும், முடியாது என்று சொல்லியே ஒரு நட்சத்திரம் வாங்குவீர்கள்.

வீட்டில் செய்த ஊறுகாய், பொடி, கேக், சாப்பாடு எதுவானாலும் விற்கும் முன் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அதற்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளிலும் வாட்ஸ்அப் கேட்டலாகிலும் (பொருள் பட்டியல்) போட்டுவிடுங்கள். தெரியாத வீட்டுச் சமையலை வாங்கத் தயங்குபவருக்கு நல்ல புகைப்படத்தைவிட இந்த எண் தைரியம் கொடுக்கும்.

'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்' என்று போன் வருகிறது.

வைத்துவிடுங்கள். மேப்பில் கடையைப் பதிவதற்கும் வைத்திருப்பதற்கும் கட்டணம் கிடையாது. ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள்.

மதிப்புரை எப்படி வாங்குவது? பத்து ரூபாய் தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்லலாமா?

கூடாது. பணமோ தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுத்து வாங்கும் மதிப்புரையை கூகுள் தடை செய்திருக்கிறது. திருப்தியானவரை மட்டும் பார்த்துக் கேட்பதும் விதிக்கு எதிரானதே. ஒரே நாளில் சொந்தக்காரர்கள் இருபது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டால் அது அழியவும் கூடும்.

நேர்மையான வழி மெதுவானது, ஆனால் நிற்கும். உங்கள் புரொஃபைலிலேயே மதிப்புரை இணைப்பும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். அதை உள்ளங்கை அளவில் அச்சடித்து, பணம் கட்டும் கியூஆருக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒட்டுங்கள். ஒரே நிறத்தில் ஒட்டினால் பணம் கட்ட வந்தவர் மதிப்புரைப் பக்கத்தைத் திறந்துகொண்டு முழிப்பார். வேலை முடிந்த அன்றே கேளுங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். 'நல்லா எழுதுங்க' என்று சொல்லாமல், 'என்ன தைத்தோம், எத்தனை நாளில் கொடுத்தோம்னு ஒரு வரி எழுதுங்கம்மா' என்று கேளுங்கள். 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட 'பட்டு பிளவுஸ், ஆரி வேலை, நாலு நாளில் கிடைத்தது' என்ற வரியை வைத்து அடுத்தவர் முடிவு செய்வார்.

கெட்ட மதிப்புரைக்கு உடனே பதில் எழுதாதீர்கள். இரண்டு மணி நேரம் போகட்டும். பிறகு நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன செய்து தருவீர்கள் என்று இரண்டே வரியில் எழுதுங்கள். படிக்கப்போவது அவர் ஒருவர் மட்டும் இல்லை, இனி வரப்போகிற நூறு பேரும்தான்.

சாதாரண வாட்ஸ்அப்பே போதாதா? வாட்ஸ்அப் பிசினஸ் எதற்கு?

பிசினஸ் செயலியும் இலவசம். கேட்டலாகில் 500 பொருள் வரை படம், விலையோடு அடுக்கலாம். முதல் தடவை செய்தி அனுப்புபவருக்கும், 14 நாளாகப் பேசாமல் இருந்து திரும்ப வருபவருக்கும் வாழ்த்துச் செய்தி தானாகப் போகும். கடை பூட்டிய பிறகு வருபவருக்கு வேறு செய்தி வைக்கலாம். லொக்கேஷன், கணக்கு எண், விலைப் பட்டியல் போல தினமும் அனுப்பும் பதில்களைச் சேமித்து வைத்து ஒரே தட்டில் அனுப்பலாம். 'அட்வான்ஸ் வந்தது', 'டெலிவரி பாக்கி' என்று லேபிள் ஒட்டலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கடையின் லேண்ட்லைன் நம்பரிலேயே இதைத் தொடங்கலாம். சரிபார்க்கும்போது எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் குரல் அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். போர்டில் இருபது வருடமாக எழுதியிருக்கும் 04142 நம்பர் அப்படியே பயன்படும். வீட்டு நம்பரில் நடத்தாதீர்கள். இரவு பதினொன்றரைக்கு 'நாளைக்குக் கடை உண்டா' என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கே மனசு வராது.

200 பேருக்கு பிராட்காஸ்ட் அனுப்பினேன், 40 பேருக்குத்தான் போயிருக்கிறது. ஏன்?

உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது, போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நீங்கள் அவர்களைச் சேர்த்துவைப்பதில் பயனில்லை, அவர்கள் உங்களைச் சேமிக்க வேண்டும். அதனால் பில் போடும்போதே கியூஆரைக் காட்டி அவர்களையே முதல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பதிலுக்கு உங்கள் தொடர்பு அட்டையை அனுப்பி, 'சேமித்துக்கொண்டால் புதன், சனி சரக்கு வரும்போது தகவல் வரும்' என்று சொல்லுங்கள். என்ன வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்தால்தான் சேமிப்பார்கள்.

வெளியே விலைக்கு விற்கும் நம்பர் பட்டியலை வாங்கி அனுப்புவது முட்டாள்தனம். நாலு பேர் 'ஸ்பேம்' என்று புகார் செய்தால் நம்பரே தடைபடும், கேட்டலாகும் பழைய உரையாடல்களும் எட்டாமல் போய்விடும். குரூப்பில் எல்லாரையும் சேர்ப்பதும் வேண்டாம். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியும். காலை வணக்கப் படங்களில் உங்கள் சரக்கு புதைந்துபோகும்.

தினமும் விலை மாறும் தொழில் எங்களுடையது. மீன், காய்கறி, பூவுக்கெல்லாம் எப்படிச் செய்தி போடுவது?

இந்தத் தொழில்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கையில் கிடைத்த வரம். 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும், நேற்றைய விலை இன்று சண்டை இழுக்காது.

முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து வீடுகளுக்குக் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். படகு வந்து சரக்கு எடுத்தவுடன், விடியற்காலையிலேயே ஒரே ஒரு படம், பகல் வெளிச்சம் இல்லாவிட்டால் டார்ச் அடித்தாவது. படத்தின் மேல் எழுத வேண்டியது: மீன் பெயர், கிலோ விலை, சுத்தம் செய்து கொடுத்தால் கூடுதல் எவ்வளவு, கிலோவுக்கு எத்தனை மீன் நிற்கும், ஆர்டர் எத்தனை மணிக்கு முடியும், எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும். சங்கரா என்றால் குழம்புக்கா வறுவலுக்கா என்பதை எண்ணிக்கையை வைத்துத்தான் வீட்டில் முடிவு செய்வார்கள். அதைப் போடாவிட்டால் இருபது பேர் கேட்பார்கள், இருபது பேருக்கும் பதில் எழுதும் நேரத்தில் மீன் ஐஸில் வாடும். தீர்ந்தவுடன் அந்த ஸ்டேட்டஸை அழித்துவிட்டு 'நெத்திலி முடிந்தது' என்று போடுங்கள். இல்லாத பொருளுக்கு வரும் அழைப்பும் ஒரு செலவுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சேமித்தவர்கள் மறந்துபோவார்கள். நாட்டுப்படகு மீன் எது கிடைக்கிறது, கருவாடு என்ன இருக்கிறது, விலை ஏன் ஏறியிருக்கிறது என்று வாரம் இரண்டு தடவையாவது சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் விலையைப் போடலாமா? போட்டிக் கடைக்காரர் பார்ப்பாரே.

அவர் ஏற்கெனவே ஆள் விட்டு விசாரித்துத் தெரிந்து வைத்திருப்பார். 'விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்' என்பதைப் பார்த்தவுடன் பாதிப் பேர் விரலைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சரியான விலை சொல்ல முடியாத வேலையானால் 'இத்தனையிலிருந்து' என்று தொடக்க விலையும், எது சேர்ந்தால் ஏறும் என்பதும் எழுதுங்கள்.

ரீல்ஸ் 20 முதல் 30 விநாடி போதும். நிமிர்ந்த வடிவில், 1080க்கு 1920 அளவில் எடுங்கள். எண்ணெய்க் கை பட்ட கேமரா கண்ணாடியைத் துடைத்துவிட்டு எடுங்கள், கடை வீடியோக்கள் பாதி மங்கலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். முதல் இரண்டு விநாடியில் பொருள் தெரிய வேண்டும். சாமி படம், லோகோ சுழல்வது, 'வணக்கம் நண்பர்களே' எல்லாம் அதற்குப் பிறகு. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் நிறைய, ஆகவே சொல்வதை எழுத்திலும் போடுங்கள். லொக்கேஷன் குறிக்க மறந்தால் மற்ற எல்லாம் வீண்: சேலத்துக்காரர் லைக் போடுவார், மஞ்சக்குப்பத்துக்காரர் கண்ணில் படாது.

சினிமாப் பாட்டு போடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். வணிகக் கணக்குகளுக்கு எல்லாப் பாட்டுக்கும் உரிமை கிடையாது, சத்தம் நிறுத்தப்படலாம். வாணலியில் தாளிக்கும் சத்தம், மெஷின் ஓடும் சத்தம், கடைக்காரர் குரல் இவையே போதும்.

விளம்பரத்துக்குப் பணம் போட்டேன். லைக் வந்தது, ஆள் வரவில்லை.

நீங்கள் குறித்த வட்டத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயராக 'கடலூர்' என்று கொடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டால் பெரிய வட்டமாகத்தான் விழும். அதை எடுத்துவிட்டு மேப்பில் பின் குத்தினால் 1 கிலோமீட்டர் வரை சுருக்கலாம். கடலூரில் இன்னொரு சங்கதியும் உண்டு. கடற்கரை ஊர் என்பதால் வட்டத்தின் ஒரு பகுதி வங்காள விரிகுடாவில் விழும். அது பரவாயில்லை, கடலில் யாரும் இன்ஸ்டாகிராம் பார்ப்பதில்லை, காசு போகாது. சிக்கல் வடக்கே. 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால் புதுச்சேரி நகரமே உள்ளே வந்துவிடும். அங்கே ஆள் அதிகம், அதனால் உங்கள் காசில் பெரும் பங்கு அங்கே கரையும். தையற்கடைக்கு அங்கிருந்து யார் வருவார்? புதுச்சேரியை விலக்கல் பட்டியலில் சேருங்கள், அல்லது பின்னைத் தெற்கே, மேற்கே நகர்த்தி 6, 7 கிலோமீட்டரில் நிறுத்துங்கள்.

முதல் தடவை நாளுக்கு ₹150 வீதம் 5 நாள் போதும். ₹750, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ₹885. 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தி லைக் வாங்குவதற்குப் பதிலாக, வாட்ஸ்அப்புக்கு நேராகச் செய்தி வரும் வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். செய்தி வந்த பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். மதியம் கடை பூட்டித் தூங்கும் நேரத்தில் விளம்பரம் ஓடினால், கேட்டவர் அடுத்த கடையைப் பார்த்துக்கொள்வார். நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் மொத்தத் தொகையாகக் கொடுத்தால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓட வேண்டும் என்றும் குறிக்கலாம்.

புதுச்சேரிக்காரர்கள் ஆர்டர் செய்கிறார்கள். அனுப்பலாமா?

ஆல்பேட்டை பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வழியாகப் போனால் முள்ளோடையிலேயே புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. பக்கத்து ஊர் மாதிரித் தெரிந்தாலும் ஜி.எஸ்.டி. கணக்கில் அது வேறு மாநிலத்துக்குப் போகும் விற்பனை. காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறை) இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க அனுமதி இல்லை. பதிவே இல்லாத சின்னக் கடையும், சில விலக்குகள் தவிர, இப்படிச் சரக்கு அனுப்பத் தொடங்கினால் விற்பனை வரம்பு பார்க்காமல் பதிவு எடுக்க வேண்டி வரும். பாகூர், கன்னியக்கோவில் பக்கம் டெலிவரி உண்டு என்று விளம்பரம் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிளாக் எல்லாம் இன்னும் யாராவது படிக்கிறார்களா?

தேடி வந்து வாரா வாரம் படிப்பவர் குறைவுதான். ஆனால் கடைக்கு பிளாக் எழுதுவது வாசகர் வட்டம் சேர்க்க இல்லை. கல்லாவில் தினமும் கேட்கும் கேள்விக்கு ஒரே தடவை நன்றாகப் பதில் எழுதி வைப்பதற்கு. ரீல்ஸ் இரண்டு நாளில் மங்கிவிடும். நல்ல பதில் உள்ள பக்கம் மூன்று வருடம் கழித்தும் கூகுளில் ஆள் பிடித்துக் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கும் அதே இணைப்பை அனுப்பிவிடலாம்.

என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். ஒரு வாரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நோட்டு வைத்து, வருபவர் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாய் வார்த்தையிலேயே எழுதுங்கள். இரண்டு தடவைக்கு மேல் வந்த கேள்வி ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை, அதன் தலைப்பும் அந்தக் கேள்வியேதான்.

பண்ருட்டி முந்திரி விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி என்றால் என்ன?' என்று கேட்காதவர் இல்லை. பதில்: ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராமில் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். 240 என்றால் 220 முதல் 240 பருப்பு. 320 என்றால் 300 முதல் 320. எண் ஏற ஏறப் பருப்பு சிறிது, விலையும் குறைவு. 180 தான் பெரியது. இதோடு நிறுத்தாமல், பாயசத்துக்கும் பொங்கலுக்கும் உடைத்த பருப்பே போதும், தாம்பூலப் பைக்கும் பரிசுப் பெட்டிக்கும் 240 அழகாக இருக்கும், வறுத்து மசாலா போட 320 கட்டுப்படியாகும் என்று எழுதுங்கள். காற்றுப் போகாத டப்பாவில் வைக்காவிட்டால் கடற்கரை ஈரத்தில் நமத்து, நாளாவட்டத்தில் காறல் வாடை வரும் என்பதையும் சொல்லுங்கள். கடைசியில் இன்றைய விலை, விலை எழுதிய தேதி, கடைக்கு வழி, வாட்ஸ்அப் இணைப்பு. இவ்வளவுதான் ஒரு கட்டுரை. 300 சொல் வந்தால் போதும். விலை கேட்க வந்தவர் என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்கு வருவார்.

ஏசி மெக்கானிக்குக்கும் இதே மாதிரிதான். தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் வெளி யூனிட் ஏன் சீக்கிரம் அரிக்கிறது என்று எழுதுங்கள். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளில் படிந்து அரிப்பை உண்டாக்குகிறது, மெயினை அணைத்துவிட்டு வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். சென்னைக் கம்பெனியின் பொதுக் கட்டுரையில் தேவனாம்பட்டினம் இருக்காது. உங்கள் பலம் அங்கேதான்.

எழுத பிளாகர் இலவசம், அதிலேயே தொடங்கலாம். பத்துக் கட்டுரை சேர்ந்த பிறகு சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்குங்கள். அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். 'வெப்சைட் பண்ணித் தரேன்' என்று வந்தவர் தன் கணக்கில் வாங்கிவிட்டு, அடுத்த வருடம் போனை எடுக்காமல் போனால் பெயரும் போய்விடும், அத்தனை கட்டுரைகளுக்கான வழியும் போய்விடும். தட்டச்சு கஷ்டம் என்றால் போன் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசுங்கள், எழுத்தாக விழும். பிறகு ஒருமுறை படித்துத் திருத்தினால் போதும். பேசியதை எழுதியதுபோல இருப்பது குறையே இல்லை.

இன்னொரு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். கூகுளிலும் மேலே வராது, படிப்பவருக்கும் வாடை தெரியும்.

எந்த மாதத்தில் எதைப் போடுவது?

பண்டிகை அன்று வாழ்த்துப் படம் போடுவதில் வியாபாரம் இல்லை. தேடல் முன்னாடியே நடந்து முடிந்துவிடும். கோயில் ஊரான திருவந்திபுரத்தில் கல்யாணம் வைப்பவர்கள் தேதி குறித்தவுடன் சமையல், பூ, அலங்காரம், போட்டோ என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான பக்கமும் விலையும் ஆடியிலேயே தயாராக இருக்க வேண்டும், தை முகூர்த்தத்துக்கானவை மார்கழியில். வேலை குறைந்திருக்கும் மாதமே எழுதும் மாதம். மலையேறி முடியிறக்கி வருபவர், காலை ஆறு மணி முகூர்த்தம் முடித்து டிபன் தேடுபவர் என்று அந்த ஊருக்கே உரிய தேவைகள் உண்டு, அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மாசி மகத்தன்று சில்வர் பீச் பக்கம் கடை உள்ளவர் திறக்கும் நேரத்தையும் வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதையும் முந்தைய நாளே மேப்பில் பதிவாகப் போடலாம்.

புயல், வெள்ளம் வந்தால்?

2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று இந்த ஊருக்கு மழைக்காலம் எப்படி இருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அக்டோபர் தொடக்கத்திலேயே இரண்டு செய்திகளை எழுதிச் சேமித்து வையுங்கள்: 'இன்று கடை இல்லை, ஆர்டர் கொடுத்தவர்களுக்கு நாளை அழைப்போம்', 'கடை திறந்திருக்கிறது, இவை மட்டும் கிடைக்கும்'. கரண்ட் போய், டவர் விட்டுவிட்டு வரும்போது எழுதிக்கொண்டிருக்க முடியாது. மேப்பில் 'சிறப்பு நேரம்' பகுதியில் அன்றைய நாளை மூடியதாகக் குறித்தால் யாரும் தண்ணீரில் வண்டி ஓட்டிக்கொண்டு வர மாட்டார்கள். மெழுகுவத்தி, பால், தண்ணீர் கேன், ஜெனரேட்டர் வாடகை வைத்திருப்பவர் இருப்பையும் வழக்கமான விலையையும் போட்டால் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். விலையை ஏற்றினாலும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பலாமா? கணக்கு திருடுபோனால் என்ன செய்வது?

ஸ்கிரீன்ஷாட்டை யாரும் உருவாக்கலாம். உங்கள் செயலியில் அல்லது வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பொருளை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க எண் வையுங்கள், கடைப் பையனுக்கும் அந்த எண் தெரிய வேண்டாம். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லைக்கை எண்ணாதீர்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் 'எங்க பார்த்து வந்தீங்க?' என்று கேட்டு நோட்டில் கோடு போடுங்கள்: மேப், வாட்ஸ்அப், இன்ஸ்டா, பிளாக், ஆள் சொல்லி, வழியில் போர்டு பார்த்து. மூன்று மாதம் போதும். மேப்பின் புள்ளிவிவரத்தில் எத்தனை பேர் அழைத்தார்கள், வழி கேட்டார்கள் என்பதும் மாதா மாதம் கிடைக்கும். அழைப்பு ஏறியும் வியாபாரம் ஏறவில்லை என்றால் கோளாறு இணையத்தில் இல்லை. போனை யார் எடுக்கிறார், என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். கோடே விழாத தளத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கும் நோட்டீஸுக்கு அதிகக் கோடு விழுந்தால் அதையே தொடருங்கள், மூலையில் வாட்ஸ்அப் கியூஆரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையை வேறு தெருவுக்கு மாற்றுகிறோம். புதுசாகப் பதிய வேண்டுமா?

வேண்டாம். பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள், மதிப்புரைகள் கூடவே வரும். மீண்டும் வீடியோ கேட்கலாம், அதனால் புதிய இடத்தில் போர்டு மாட்டிய பிறகு மாற்றுங்கள். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தெரியாமல்கூடத் தொட்டுவிடாதீர்கள். அதே நாளில் வாட்ஸ்அப் முகவரி, இன்ஸ்டாகிராம் விவரம், பிளாகின் ஒவ்வொரு பக்கத்தின் அடியில் இருக்கும் வழி எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய கடை வாசலில் ஒரு மாதத்துக்காவது புதிய இடத்தின் கியூஆரை ஒட்டி வையுங்கள். பக்கத்து டீக்கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள், வழி கேட்பவர்கள் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள்.